கரூரிலிருந்து நேரடி ஏற்றுமதி: இணையதளம் எப்படி இருக்க வேண்டும்?

கரூரில் அப்பா நடத்தும் விசைத்தறிக் கூடத்தில் சமையலறைத் துண்டும் மேசை விரிப்பும் நெய்கிறீர்கள். இத்தனை காலம் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் (அவர்களுடைய ஆர்டரைக் கூலிக்கு நெய்து கொடுப்பது) செய்துவந்தீர்கள். இப்போது ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐஇசி எண் வாங்கி, ஐரோப்பிய பையர்களிடம் (மொத்தமாக வாங்குபவர்களிடம்) நேரடியாகப் போக நினைக்கிறீர்கள். இணையதளம் அமைக்க ஒருவர் மதிப்பீடு கொடுத்திருக்கிறார்: எட்டுப் பக்கங்கள், முகப்பில் தானாக நகரும் படங்கள், கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட், அனிமேஷன். இது போதுமா, வேறு என்ன கேட்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

சிறு உற்பத்தியாளர்களுக்குத் தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அந்த மதிப்பீட்டில் விலை என்னை உறுத்தவில்லை. உங்கள் தளத்துக்கு வரப்போவது யார், அவர் என்ன சந்தேகத்தோடு வருவார் என்ற கேள்வி அதில் எங்குமே இல்லை என்பதுதான் உறுத்தியது. அதற்கு விடை தெரியாமல், எட்டுப் பக்கம் வேண்டுமா பதினெட்டு வேண்டுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்களிடம் வருபவர் கடைத்தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பவர் அல்ல. ஜனவரியில் பிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் வீட்டு ஜவுளிக் கண்காட்சியில் உங்கள் விசிட்டிங் கார்டை வாங்கிப் போனவராக இருக்கலாம். நெதர்லாந்தில் சமையலறைப் பொருட்கள் விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்காகப் புதிய சப்ளையரைத் தேடுபவராக இருக்கலாம். அவர் முன்னால் இந்தியா, துருக்கி, பாகிஸ்தான், போர்ச்சுகல் நிறுவனங்களின் பக்கங்கள் வரிசையாகத் திறந்திருக்கும். அவர் மனத்தில் ஓடும் கேள்விகள் மிகச் சில. இவர்கள் உண்மையிலேயே தறி வைத்திருப்பவர்களா, வாங்கி விற்பவர்களா? எனக்கு வேண்டியதை நெய்ய முடியுமா? குறைந்தபட்சம் எவ்வளவு எடுக்க வேண்டும்? சான்றிதழ் இருக்கிறதா, அது இன்று செல்லுமா? யாரிடம் பேசுவது? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லை என்றால் அவர் உங்களுக்கு எழுதிக் கேட்க மாட்டார். அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். ஜெர்மனி நமக்குக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அமெரிக்காவில் வேலை நேரம் தொடங்கும்போது இங்கே இரவு. நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் உங்களுக்காகப் பதில் சொல்வதுதான் தளத்தின் வேலை.

ஆகவே வடிவமைப்பாளரை அழைக்கும் முன் எழுதி முடியுங்கள். வாசகங்களைக் கையில் வைத்துக்கொண்டு வடிவமைப்பைத் தொடங்கினால் வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறையும். வாசகம் இல்லாமல் தொடங்கினால், அழகான காலிப் பெட்டிகளை வரைந்துவிட்டு அவற்றை நிரப்ப ஏதாவது எழுத வேண்டிவரும். 'தரமான ஜவுளிப் பொருட்களின் முன்னணி உற்பத்தியாளர், ஏற்றுமதியாளர்' என்ற ஒரே வாக்கியம் கரூரிலும் ஈரோட்டிலும் பானிபட்டிலும் எல்லா முகப்புகளிலும் இருப்பது இப்படித்தான். அந்த வாக்கியத்தைப் படிக்கும் பையருக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரிவதில்லை. அதற்குப் பதில், 'கரூரில் எங்கள் சொந்தத் தறிகளில் டாபி, ஜக்கார்ட் நெசவில் பருத்திச் சமையலறைத் துண்டுகள் நெய்கிறோம்' என்று தொடங்குங்கள். அடுத்த வரியில் தறிகளின் எண்ணிக்கை, மாத உற்பத்தி, ஒரு நிறத்துக்குக் குறைந்தபட்ச ஆர்டர், சாம்பிளுக்கு ஆகும் நாட்கள். எண்களை அப்பாவிடம் கேட்டு, கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். தறி குறைவாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். பெரிய ஆலைகள் தொட மறுக்கும் சிறிய ஆர்டர்களைத் தேடி அலையும் பையர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் அளவுதான் உங்களிடம் இருக்கும் பெரிய கவர்ச்சி.

பொருள் பக்கங்களில்தான் அதிக நேரம் செலவிடுங்கள். பெரும்பாலான தளங்களில் ஒரு துண்டின் படம், கீழே 'கிச்சன் டவல்', அதற்குக் கீழே 'விசாரிக்க' என்று ஒரு பொத்தான். பையர் எதை விசாரிப்பார்? ஒவ்வொரு பொருளுக்கும் நூலின் நம்பர், நெசவு (வாஃபிள், ஹக்கபேக், ஹெரிங்போன், டெர்ரி), ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில்), தைத்து முடித்த துண்டின் அளவு சென்டிமீட்டரில், துவைத்தபின் சுருங்கும் சதவீதம், எத்தனை டிகிரி வெந்நீரில் துவைக்கலாம், பாக்கிங் முறை ஆகியவற்றை எழுதுங்கள். ஐரோப்பிய வீடுகளில் சமையலறைத் துண்டை 60 டிகிரியில் துவைப்பது சாதாரணம். அந்தச் சூட்டில் உங்கள் சாயம் நிற்குமா என்பதே அவர்களுடைய முதல் கவலைகளில் ஒன்று. சாய உறுதிக்கு ஐஎஸ்ஓ 105 வரிசையில் சோதனை செய்திருந்தால் கிடைத்த மதிப்பைப் போடுங்கள். ஜிஎஸ்எம்மில் ஐந்து சதவீதம் ஏற்ற இறக்கம் வரும் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நெசவு தெரிந்த பையருக்கு அதைச் சொல்பவர்மேல் நம்பிக்கை கூடும். நிறங்களுக்குப் பான்டோன் என்ற சர்வதேச நிற அட்டவணையின் டிசிஎக்ஸ் எண்களைக் கொடுங்கள், அது பருத்தித் துணிக்கான வரிசை. சமையலறை, மேசை, படுக்கை விரிப்புகள் சுங்கத்துக்காகப் பொருட்களை வகைப்படுத்தும் எச்எஸ் பட்டியலில் 6302 என்ற தலைப்பில் வருகின்றன. அந்த எண்ணைப் பக்கத்திலேயே போட்டுவிட்டால், அங்கே சுங்க வரி எவ்வளவு என்று கணக்குப் போட அவர் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

விலை போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நூல் விலை மாறிக்கொண்டே இருக்கும் தொழிலில் ஏற்றுமதி விலையைத் தளத்தில் எழுதி வைப்பது சரிவராது என்பதே என் கருத்து. ஆனால் விலை எதைப் பொறுத்து மாறும், எஃப்ஓபி தூத்துக்குடி (அங்கே கப்பலில் ஏற்றும் வரையிலான செலவு சேர்ந்த விலை) அடிப்படையில் கொடுப்பீர்களா, முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் கப்பலேற்றுவீர்கள் என்பதையெல்லாம் எழுதலாம். இதை 'ஆர்டர் கொடுப்பது எப்படி' என்று தனிப் பக்கமாகவே வையுங்கள்.

படங்களுக்கு வருவோம். இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் பொதுப் படங்களைத் தயவுசெய்து வாங்காதீர்கள். வெள்ளைக் கோட்டு அணிந்த வெளிநாட்டுப் பெண் துணியைப் பார்த்துப் புன்னகைக்கும் படத்தை, கூகுளில் படத்தைக் கொண்டே தேடி, அது இன்னும் எத்தனை தளங்களில் இருக்கிறது என்று பையர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் உங்கள் உண்மையான தறியின் படத்தையும் அவர் நம்ப மாட்டார். நல்ல போன் கேமரா போதும். காலை வெளிச்சம் வரும் சன்னலுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பலகைமேல் துண்டை விரித்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் முழுத் துண்டு ஒரு படம், நெசவு தெரியும்படி நெருக்கத்தில் ஒரு படம், ஓரத் தையல் ஒரு படம், மடித்துப் பாக்கெட்டில் வைத்தது ஒரு படம். நெருக்கப் படத்தில் ஓர் அளவுகோலையும் வைத்துவிடுங்கள். இவற்றைவிட முக்கியமானவை கூடத்தின் படங்கள்: பாவு ஓட்டும் இடம், தறி வரிசை, தையல், செக்கிங் மேசை, பேக்கிங். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எடுங்கள். முகம் தெரியும் தொழிலாளர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். தறிச் சத்தத்தோடு ஒரு நிமிட வீடியோவும் இருக்கட்டும். நீங்கள் வாங்கி விற்பவர் அல்ல, நெய்பவர் என்பதற்கு அதைவிட வலுவான சான்று இல்லை. ஜாப் ஒர்க் கூடங்கள் எவ்வளவு நுணுக்கமான வேலையைச் செய்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் இருக்கின்றன என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். உங்கள் தளத்திலாவது அந்தக் கூடம் முன்னால் நிற்க வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன்.

இதோடு சேர்ந்த ஓர் எச்சரிக்கை, குறிப்பாக ஜாப் ஒர்க்கிலிருந்து நேரடி ஏற்றுமதிக்கு வருபவர்களுக்கு. இதுவரை யாருடைய ஆர்டரில் எந்தப் புகழ்பெற்ற பிராண்டுக்கு நெய்தீர்களோ, அந்த பிராண்டின் சின்னத்தை 'எங்கள் வாடிக்கையாளர்கள்' என்று போடாதீர்கள். அவர் உங்கள் வாடிக்கையாளர் அல்ல, உங்களுக்கு வேலை கொடுத்த நிறுவனத்தின் வாடிக்கையாளர். அந்த வடிவமைப்புகளின் படங்களையும் போடாதீர்கள். இங்கே தொழில் உறவு கெடும், அங்கே வழக்கும் வரலாம். சான்றிதழிலும் இதே சிக்கல் உண்டு. காட்ஸ் (ஆர்கானிக் ஜவுளிக்கான சர்வதேசத் தரம்) சான்றிதழ் வைத்திருக்கும் ஏற்றுமதி நிறுவனம், தனக்கு நெய்து கொடுக்கும் கூடங்களைத் தன் சான்றிதழின் கீழ் காட்டியிருக்கலாம். அந்த நிறுவனத்தின் வேலைக்கு மட்டும்தான் அது செல்லும். நீங்கள் தனியாக ஏற்றுமதி செய்யும்போது அதைக் காட்ட முடியாது. நூல் ஆர்கானிக் என்பதால் மட்டும் துண்டு காட்ஸ் துண்டு ஆகிவிடாது: நூற்பு, நெசவு, சாயம், தையல் என ஒவ்வொரு கட்டமும் சான்று பெற்றிருக்க வேண்டும். துணியில் தீங்கான ரசாயனங்கள் உள்ளனவா என்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 சான்றிதழ் ஓராண்டு மட்டுமே செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். சான்று இருந்தால் சின்னத்தோடு சான்றிதழ் எண்ணையும் முடியும் தேதியையும் போடுங்கள். பையர் அந்த எண்ணை அந்தந்த அமைப்பின் தளத்திலேயே சரிபார்ப்பார். சான்று இல்லை என்றால் இல்லை என்றே இருக்கட்டும். விண்ணப்பித்திருந்தால் அப்படி எழுதுங்கள்.

'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்ற பொதுவான வாசகத்தையும் தூக்கிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 உத்தரவு, ஆதாரம் இல்லாத இத்தகைய பொதுச் சொற்களை நுகர்வோரிடம் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் அது நடைமுறைக்கு உரியது. உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், உங்கள் துண்டைத் தன் பெட்டியில் போட்டு விற்பவருக்குப் பொருந்தும். ஆகவே அவர் ஆதாரத்தை உங்களிடம்தான் கேட்பார். அவர் கேட்கும் முன்னரே சொல்லக்கூடிய உறுதியான விஷயம் ஒன்று உண்டு: சாயம் எங்கே போடப்படுகிறது, அந்தப் பட்டறையின் கழிவுநீர் எங்கே போகிறது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு திருப்பூரை எப்படி உலுக்கியது என்பது கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரியும். கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் பட்டறையில் சாயம் போடுகிறீர்கள் என்றால், அதை இரண்டு பத்தியில் படத்தோடு எழுதுங்கள். அமராவதிக் கரையில் தொழில் செய்பவர் அதைச் சொல்லும்போது அதற்குத் தனி மதிப்பு இருக்கிறது.

இனி, பலரும் கவனிக்காமல் விட்டுப் பின்னால் தவிக்கும் இடம்: தளத்தின் பெயர் யார் பெயரில் இருக்கிறது? டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் விஷயம். 'எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று வடிவமைப்பாளர் தன் கணக்கில் பதிவு செய்துவிட்டால், நாளை அவரோடு மனத்தாங்கல் வந்தாலோ அவர் தொழிலையே விட்டுப் போனாலோ உங்கள் முகவரி உங்கள் கையில் இருக்காது. டாட் காம், டாட் இன் இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இடத்தை மட்டும் நம்பி நிற்பதும் ஆபத்துதான். கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்துவந்த தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது. இந்தியாமார்ட், அலிபாபா போன்ற சந்தைத் தளங்களில் இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை; அங்கே பார்த்தவர் வந்து உங்களைச் சரிபார்க்கச் சொந்த இடம் ஒன்று வேண்டும்.

அந்த டொமைனிலேயே மின்னஞ்சலும் இருக்கட்டும். இது கௌரவத்துக்காக அல்ல. ஏற்றுமதியாளருக்கும் பையருக்கும் இடையே ஓடும் கடிதங்களை வேவு பார்த்து, ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று எழுதிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்துவிடும், பணம் வேறு யாருக்கோ போயிருக்கும். தடுக்க இரண்டு காரியங்கள் செய்யுங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் டொமைனில் போட்டுத்தரும்படி வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். உங்கள் முகவரியையே போலியாகப் போட்டு வேறொருவர் கடிதம் அனுப்புவதை இவை பெருமளவு தடுக்கும். ஓர் எழுத்து மாறிய முகவரியை இவை தடுக்காது, அதற்குத்தான் இரண்டாவது காரியம். தொடர்புப் பக்கத்தில், 'வங்கி விவரங்கள் மாறுவதாக மின்னஞ்சலில் மட்டும் ஒருபோதும் தெரிவிக்க மாட்டோம். அப்படி வந்தால் இந்த எண்ணில் அழைத்துப் பேசுங்கள்' என்று எழுதுங்கள். அந்த இரண்டு வரி ஒரு கன்டெய்னரின் மதிப்பைக் காப்பாற்றலாம்.

உருவாக்கும் முறையைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு பக்கங்கள், மாதம் ஒரு முறை திருத்தம் என்றால் சாதாரண நிலையான எச்டிஎம்எல் பக்கங்களே போதும். அவை வேகமானவை, உடைத்து உள்ளே நுழைய அவற்றில் வழியும் குறைவு. வீட்டில் யாராவது தாங்களே அடிக்கடி திருத்துவார்கள் என்றால், அதற்கு வசதியான வேர்ட்பிரஸ் மென்பொருள் சரி. ஆனால் அதன் பிளக்இன்களை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்களை) தொடர்ந்து புதுப்பிக்க ஆள் வேண்டும். பராமரிப்பில்லாத வேர்ட்பிரஸ் தளத்துக்குள் சூதாட்ட விளம்பரங்கள் புகுந்து, நிறுவனத்தின் பெயரைத் தேடினால் அவை வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நகரும் முகப்புப் படங்களும் அனிமேஷனும் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். முதல் படத்தைப் படிக்கும் முன் இரண்டாவது வந்துவிடும். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் இறக்கும் சுமை மட்டும் பார்ப்பவர் தலையில். கூகுள் வைத்திருக்கும் அளவுகோல் தெளிவானது: பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பதில் தர வேண்டும், படிக்கும்போது பக்கம் குதிக்கக் கூடாது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். மொபைலில் இந்த அளவைத் தொட்ட பிறகுதான் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கேமராவிலிருந்து வரும் ஐந்து எம்பி படத்தை, இணையத்துக்கென்றே உள்ள வெப்பி (WebP) வடிவில் மாற்றினால் கோப்பின் அளவு அதில் சிறு பங்குதான் இருக்கும். தளம் மும்பை சர்வரில் இருந்து பையர் ஹாம்பர்க்கில் இருந்தால், கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை பக்கத்தின் நகலை அவருக்கு அருகிலிருந்தே கொடுக்கும். அதன் இலவசத் திட்டமே உங்களுக்குப் போதும். தளத்துடனான தொடர்பைப் பாதுகாக்கும் எச்டிடிபிஎஸ் சான்றுக்கென்று மதிப்பீட்டில் தனித் தொகை இருந்தால் ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது.

சாட்பாட் இப்போது தேவையில்லை. உங்கள் தறியைப் பற்றித் தெரியாத இயந்திரம் தப்பான ஜிஎஸ்எம்மைச் சொல்லிவிட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதற்குப் பதிலாகத் தொடர்புப் படிவத்தைச் செம்மையாகச் செய்யுங்கள். பெயர், மின்னஞ்சல், என்ன வேண்டும், தோராயமாக எத்தனை. வடிவமைப்புக் கோப்பைச் சேர்க்க ஓர் இடம். அதற்குமேல் எதையும் கட்டாயமாக்காதீர்கள். பக்கத்தில் பேசப்போகும் ஆளின் பெயரும் படமும் இருக்கட்டும், வாட்ஸ்அப் எண்ணும் இருக்கட்டும். படிவம் வேலை செய்கிறதா என்று மாதந்தோறும் நீங்களே ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். படிவம் மாதக்கணக்கில் செத்துக் கிடந்தும் 'தளம் போட்டும் விசாரணையே வரவில்லை' என்று வருந்தும் நிறுவனங்கள் உண்டு.

கூகுளில் 'பெட் லினன்' என்று தேடினால் முதலில் வர வேண்டும் என்று யாராவது ஆசை காட்டினால் பணம் கொடுக்காதீர்கள். 'கரூர் வாஃபிள் துண்டு உற்பத்தியாளர்' போன்ற குறிப்பான தேடல்களுக்கு, மேலே சொன்னபடி எழுதிய பொருள் பக்கங்களே கொண்டுவந்து சேர்க்கும். பொருளுக்கு ஒரு பக்கம், ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு, பிறகு கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்யுங்கள். ஜெர்மன் மொழிப் பக்கம் வேண்டுமா என்றால், ஜெர்மனில் வரும் கடிதத்துக்கு ஜெர்மனிலேயே பதில் எழுத ஆள் இருந்தால் மட்டும். எளிய, பிழையில்லாத ஆங்கிலம் போதும். பார்வையாளரைப் பின்தொடரும் குக்கிகளை வைக்காமல் இருந்தால், ஐரோப்பியரிடம் அனுமதி கேட்கும் அந்தப் பெட்டிக்கும் வேலை இருக்காது.

வடிவமைப்பாளரிடம் திரும்பிப் போகும்போது, வேலை முடிந்ததும் கோப்புகள் முழுவதும் உங்களிடம் ஒப்படைக்கப்படுமா, தளத்தை வைத்திருக்கும் சர்வரின் கணக்கு (ஹோஸ்டிங்) யார் பெயரில், பின்னால் ஒரு பக்கம் திருத்த என்ன கட்டணம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். நேர்மையானவர் தயங்காமல் தருவார்.

ஜனவரி கண்காட்சியைக் குறிவைத்தால் படங்களை அக்டோபருக்குள் எடுத்து, நவம்பருக்குள் தளத்தை வெளியிட்டுவிடுங்கள். கூகுள் எல்லாப் பக்கங்களையும் எடுத்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகலாம், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஐரோப்பிய அலுவலகங்களில் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். கண்காட்சிக்கு யாரைச் சந்திக்கலாம் என்று அவர்கள் பட்டியல் போடும் டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் உங்கள் பொருள் பக்கங்கள் தயாராக இருக்க வேண்டும்.